சீமைப் பட்டுப்புழு

1

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. இந்த நாட்டில் வெள்ளை உறை வந்தால் மனிதர்கள் எழுதியது, பழுப்பு உறை வந்தால் அரசாங்கம் எழுதியது. வெள்ளை எனக்கு வருஷத்துக்கு நாலைந்து வரும். பழுப்பு வாரம் தவறாது. என்மேல் யாருக்குப் பிரியம் அதிகம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒரு படிவம். என் மகள் லில்லி இந்த நாட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் முடியப்போகிறதாம். அதற்குள் திரும்பி வந்துவிட்டால் அவள் பழைய பிள்ளை. ஒரு நாள் தாண்டினாலும் புதுப் பிள்ளை. அப்புறம் முதலிலிருந்து விண்ணப்பம், சென்னையில் வரிசை, அம்மா செத்ததற்குச் சான்று, அப்பா சாகாததற்குச் சான்று. பதினோராவது கேள்வி: "குழந்தை திரும்பி வருமா?" பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம் ஒன்று, இல்லை ஒன்று.

கட்டம் சின்னது, என் பேனா முனை தடிமன் என்று சொல்லி மூன்று நாள் தள்ளிப்போட்டேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் நான் ஒருவன்தான்.

2

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் பூகோளம் சொல்லிக்கொடுத்த சவரிமுத்து வாத்தியார் நான்தான். உலகப் படத்தில் குச்சியால் இங்கிலாந்தைத் தொட்டுக் காட்டிக் காட்டி, ஆசை முற்றி, பெண்டாட்டி பிள்ளையோடு ஏறி வந்துவிட்டேன். வந்த இடத்தில் பி.ஏ. பட்டத்துக்கு ஏற்ற வேலை கொடுத்தார்கள். பஸ் கண்டக்டர். வடக்கே கம்பளி மில்கள் நிறைந்த ஊர். மழை, புகை, மறுபடி மழை.

முதல் நாள் டிக்கெட் கொடுத்தபோது ஒரு கிழவி "தாங்க்யூ லவ்" என்றாள். காது சிவந்துவிட்டது எனக்கு. வீட்டுக்கு வந்து என் மனைவி தெரேசாவிடம் மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். அவள் விசாரித்துவிட்டு வந்து, "இந்த ஊர்ல நாயையும் அப்படித்தான் கூப்பிடறாங்க, ரொம்ப அலட்டாதீங்க" என்றாள்.

மூன்றாவது குளிர்காலத்தில் தெரேசா நெஞ்சுச்சளி கட்டி, பத்தே நாளில் போய்விட்டாள். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குத் தெரியவில்லை. ஆகையால் எழுதவில்லை.

லில்லிக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவோடு தமிழும் போயிற்று அவளுக்கு. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் ஒரு சொல் பதில் சொல்வாள். கொஞ்ச நாளில் அந்த ஒரு சொல்லும் தலையாட்டலாகச் சுருங்கியது.

3

அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரம்மா பூச்சி வளர்ப்பவர். இங்கே அது ஒரு பொழுதுபோக்கு. நாம் துடைப்பத்தால் தள்ளுவதை இவர்கள் கண்ணாடி ஜாடியில் வைத்துப் பெயர் சூட்டுவார்கள். முதலில் லில்லியிடம் நாலு குச்சிப்பூச்சி கொடுத்தார். வேலிச்செடித் தழை தின்றுவிட்டுக் குச்சிபோல அசையாமல் நிற்கும், அவ்வளவுதான் அதன் ஜோலி. பிறகு முஷ்டி அளவில் ஒரு ஆப்பிரிக்க நத்தை. கடைசியாக வால்டர்.

வால்டர் ஒரு மரவட்டை. நம் பக்கத்துப் பிள்ளைகள் மழைக்காலத்தில் குச்சியால் சீண்டினால் காசுபோலச் சுருண்டுகொள்ளுமே, ரயில்பூச்சி, அதே ஜாதி. ஆனால் ஆப்பிரிக்காக்காரன். ஒரு சாண் நீளம், கட்டை விரல் பருமன், புதுச் செருப்புபோலப் பளபளக்கிற கறுப்பு. பிஸ்கட் டப்பாவில் ஈர மண்ணும் மக்கின இலையும் போட்டு, மேலே ஒரு வெள்ளரித் துண்டு வைத்துவிட்டால் ராஜ வாழ்க்கை. மண் மட்டும் காயக் கூடாது. காய்ந்தால் செத்துப்போகும். லில்லி காலையில் பல் விளக்குமுன் அதற்குத் தண்ணீர் தெளிப்பாள்.

முதல் வாரம் நான் அந்த அறைக்குள் போகவில்லை. கண்டக்டர் வேலையில் எத்தனையோ குடிகாரனை இறக்கிவிட்ட வீரன் நான். ஒரு ரயில்பூச்சிக்குப் பயந்து மாடிப்படியில் நின்று, "சாப்பிட வா" என்று கத்தினேன். அப்போதுதான் கேட்டது. உள்ளே லில்லி பேசிக்கொண்டிருந்தாள். முழு முழு வாக்கியமாக. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, யார் அவளைத் தள்ளிவிட்டது, அம்மா வைக்கிற ரசம் எப்படி மணக்கும், எல்லாம் அந்த மரவட்டையிடம். புறங்கையில் அது ஊர்ந்துகொண்டிருந்தது, அத்தனை காலும் அலை அலையாக.

எனக்குப் பூச்சியின்மேல் பொறாமை வந்தது. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் கீழே போக முடியுமா என்று யோசித்தேன். பிறகு போனேன், சொல்கிறேன்.

4

என் வேலை விடிகாலை ஒரு வாரம், மாலை ஒரு வாரம். லில்லி தனியாகச் சாவி திறந்து வீட்டுக்குள் வருவதை யாரோ சொல்லிவிட்டார்கள். குழந்தை நல அலுவலகத்திலிருந்து தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி வந்தாள். மரியாதையான பெண். டீ குடித்தாள். வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும்படி ஏற்பாடு செய்யாவிட்டால் குழந்தையைத் தாங்களே எடுத்துப் பராமரிக்க வேண்டிவரும் என்று வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றே குருபரப்பள்ளி பக்கத்தில் இருக்கும் என் அக்கா ஞானம்மாவுக்குக் கடிதம் போட்டேன். லில்லியை உன்னிடம் விட்டுவிடுகிறேன் என்று. அக்காவுக்குப் பிள்ளையில்லை. "கூட்டிக்கினு வா" என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது, மாமா கையெழுத்தில்.

லில்லியிடம் நான் சொன்னது வேறு. "லீவுக்கு ஊருக்குப் போகிறோம்" என்றேன். எத்தனை நாள் என்று கேட்டாள். "உனக்கு அலுக்கும்வரை." அது பொய்யில்லை, தமாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குச்சிப்பூச்சியையும் நத்தையையும் டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தாள். வால்டரைக் கொடுக்க மாட்டேன் என்றாள். சூயஸ் கால்வாய் சண்டையில் மூடிக்கிடந்த சமயம். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயிற்று. வால்டர் தன் சொந்த நாட்டை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தபடி கடந்துபோனது. எட்டிப் பார்க்கவில்லை. வெளிநாடு போய் வந்தவர்களில் பலர் அப்படித்தான்.

பம்பாய் சுங்கத்தில் படிவம். மிருகம், பறவை, செடி, விதை என்று நாலு கட்டம் இருந்தது, மரவட்டைக்குக் கட்டமில்லை. நான் "பொம்மை ரயில் ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி டப்பாவைத் தட்டிப் பார்த்தார். "சாவி கொடுத்தால் ஓடுமா?" என்றார். "தானாகவே ஓடும் சார்." "சீமைச் சாமான்னா சீமைச் சாமான்தான்" என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அனுப்பினார். நான் சிரித்துக்கொண்டே வந்தேன். லில்லி சிரிக்கவில்லை. "வால்டர் பொம்மை இல்லை" என்றாள்.

பெங்களூரிலிருந்து பஸ். சானமாவு காட்டருகே யானை கடக்கிறதென்று அரைமணி நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தோம். லில்லி டப்பா மூடியைத் திறந்து, மண் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

5

அக்கா வீட்டு வாசலில் பாதி ஊர் நின்றது. லில்லியின் கையில் இருந்த டப்பாவில் சீமை மிட்டாய் இருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. அக்கா வாங்கித் திறந்தாள். அலறி, கீழே போடாமல் எப்படியோ பிடித்துக்கொண்டாள்.

"டேய் சவரி, இன்னாடா இது? ரயில்பூச்சியா?"

பக்கத்துத் தோட்டத்து முனியப்பா எட்டிப் பார்த்தார். தெலுங்கில், "ஏமப்பா, இதி ரோகலிபண்ட காதா?" என்றார். ரயில்பூச்சிதானே என்கிறார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பி.ஏ. படித்து, கடல் தாண்டிப் போனவன், பொண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு, நாலு வருஷம் கழித்து, ஒரு ரயில்பூச்சியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. கூசினால் எனக்குத் தமாஷ் வரும். அது என் வியாதி.

"ரயில்பூச்சியா? நல்லா பாருங்க. இது சீமைப் பட்டுப்புழு. ஒரு காலுக்கு ஒரு நூல் விடும்."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முனியப்பா குனிந்து கால்களை எண்ணத் தொடங்கினார்.

இங்கே நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அக்கா வீட்டில் தொழிலே பட்டுப்புழுதான். மல்பெரித் தோட்டம், ஒரு தனி ஓட்டுவீடு, அதற்குள் அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். அந்தப் பக்கத்தில் பட்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்து, இது ஜப்பான் ரகம், இது மைசூர்க் கலப்பு என்று புதுப்புது முட்டை கொடுப்பது வழக்கம். போன வருஷத்துப் புழு வெள்ளை, இந்த வருஷத்துப் புழு வரி போட்டது. அப்படியிருக்க, சீமையில் கறுப்பாக ஒரு ரகம் இருக்கிறது என்றால் அதில் நம்பாமலிருக்க என்ன இருக்கிறது?

"கறுப்புப் பட்டு வருமாடா?" அக்கா மெல்லக் கேட்டாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "சாயமே போட வேணாம்க்கா" என்றேன்.

6

புழுக்கூடத்தில் என்னை உள்ளே விடவில்லை. வெங்காயம் நறுக்கின கையோடு போகக் கூடாது, சென்ட் போட்ட சட்டையோடு போகக் கூடாது. நான் இரண்டும். தட்டுகள் அடுக்கின தாங்கியின் நாலு காலுக்கும் அடியில் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணம். மூலையில் கரி அடுப்பு கனிந்துகொண்டிருந்தது. கார்த்திகை மாசம். புழுக்கள் கடைசி வயசில் இருந்தன. அந்த வயசில் தின்னும் வேகத்துக்கு வாசலில் நின்றாலே மழை பெய்கிறாற்போலக் கேட்கும். இன்னும் ஏழெட்டு நாளில் கூடு கட்டிவிடும். அதுவரை கூடம் உலர்ந்திருக்க வேண்டும். இலையில் சொட்டு ஈரம் இருந்தாலும் துணியால் ஒற்றித்தான் போடுவாள் அக்கா. ஈரம்பட்டால் புழுவுக்கு நோவு வரும்.

லில்லியை மட்டும் உள்ளே விட்டாள். வால்டருக்குத் தனியாக ஒரு புதுத் தட்டு. அடியில் உலர்ந்த காகிதம், மேலே இளந்தளிர். "வெதைப்புழு மாதிரி வெச்சிக்கலாம். முட்டை வுட்டா அடுத்த பட்டத்துக்கு ஆவும்" என்றாள். மண்ணை வழித்து வெளியே கொட்டிவிட்டாள். "அழுக்குல கெடந்து வந்திருக்குது, பாவம்."

லில்லிக்கு ஒரே சந்தோஷம். அவளை மாதிரியே புழு வளர்க்கிற ஒரு மனுஷி உலகத்தில் இருக்கிறாள்! ஆயிரக்கணக்கில் வளர்க்கிறாள்! ஆனால் இரண்டாம் நாளே கவலை பிடித்துக்கொண்டது. என்னிடம் வந்து, "மண் இல்லை, தண்ணீர் இல்லை, வால்டர் காய்ந்துவிடும், அத்தையிடம் சொல்லுங்கள்" என்றாள். சொன்னால் என் புளுகு வெளியே வந்துவிடும். "அத்தைக்குத் தெரியும்" என்றேன். அவள் அக்காவிடமே போனாள். இரண்டு வருஷமாகப் பேசாத தமிழைத் தேடி எடுத்து, "அத்தை, தண்ணி. வால்டருக்குத் தாகம்" என்றாள்.

"ஐயோ கண்ணு, புழுவுக்குத் தண்ணி ஆவாது" என்று அக்கா அவளை அணைத்துக்கொண்டாள்.

அக்கா தினமும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்பாள். "புள்ளைகிட்ட சொல்லிட்டியாடா, நீ மட்டும்தான் திரும்பிப் போறேன்னு?" "சொல்றேன்க்கா." "எப்போ?" "புழு கூடு கட்டட்டும்."

ஆறாம் நாள் காலையில் அக்கா கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மழைச் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். புழுக்கள் தின்பதை நிறுத்தியிருந்தன. தொட்டால் கொழகொழவென்று ஒட்டின. பல கறுத்து, தட்டு விளிம்பில் தலைகீழாகத் தொங்கின. நாற்றம் மூக்கில் ஏறிற்று. ஒரு தட்டு இரண்டு தட்டு இல்லை, எல்லாம்.

மாமா இலைக் கூடைக்குள் கையை விட்டார். "ஈரமா கீதே. யாரு?"

லில்லி முன்னால் வந்தாள். ஒளியவில்லை, அழவில்லை. "நான்தான். வால்டருக்குத் தெளிச்சேன். அப்புறம் எல்லாருக்கும் தாகமா இருக்கும்னு நினைச்சேன்."

யாரும் இல்லாத பொழுதெல்லாம் அவள் ஒவ்வொரு தட்டுக்கும், கூடை இலைக்கும் தண்ணீர் தெளித்திருக்கிறாள். பாரபட்சம் இல்லாமல்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பட்டுப்புழுவுக்குத் தண்ணி ஆவாதுன்னு அதை வளத்த புள்ளைக்குத் தெரியாதாடா? அது இன்னா புழுடா?"

"முனியப்பா சொன்னதுதான்க்கா."

அக்கா கூடத்துக்குள் வால்டரின் தட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தின்னலியே, சீமைப்புழுவுக்கு நம்மூட்டு எலை புடிக்கலியோன்னு, பாரூர் கால்வா பக்கத்துத் தோட்டத்துல இருந்து தளிர் கொண்டாரச் சொல்லி இந்த மனுசனை ரெண்டு தரம் அனுப்பிச்சேனேடா."

"வுடு. புள்ளைக்கு முன்னால ஒண்ணும் பேசாத" என்றார் மாமா.

வால்டரின் தட்டை லில்லி எடுத்து வந்தாள். சுருண்டிருந்தது. நீட்டிவிட முயன்றாள். கால்கள் சில காகிதத்திலேயே நின்றுவிட்டன. அவள் தெளித்த தண்ணீரை உலர்ந்த காகிதம் குடித்துவிட்டிருந்தது. மாமா தோட்டத்து மூலையில் பெரிய குழி வெட்டி, தட்டுத் தட்டாகக் கொட்டி, சுண்ணாம்பு தூவினார். ஒரு மாச உழைப்பு அது. லில்லி வால்டரையும் அதிலேயே வைத்தாள். தனியாகப் புதைக்கலாமே என்றேன். "வேண்டாம். துணைக்கு இருக்கட்டும்" என்றாள்.

7

கப்பலுக்கு நாள் வந்துவிட்டது. கிளம்புகிற காலையில், மல்பெரித் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒருவழியாகச் சொன்னேன். "லில்லி, நான் மட்டும்தான் போகிறேன். நீ அத்தையோடு இங்கே இருக்கப் போகிறாய்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கலகலவென்று சிரித்தாள்.

அம்மா போனபின் அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அவளை எங்கள் டெப்போவில் தொலைந்த பொருள் அலமாரியில் கொடுத்துவிடுவேன் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். மரவட்டையைப் பொம்மை ரயில் என்று எழுதினேன், பட்டுப்புழு என்று ஊரை நம்பவைத்தேன். அவளைப் பொறுத்தமட்டில், இத்தனை துக்கத்துக்கு நடுவில் அப்பா அவளைத் தேற்றப் பார்க்கிறார்.

"நிஜமாகத்தான்" என்றேன். இன்னும் சிரித்தாள்.

மறுபடி ஒரு தரம், முகத்தை மாற்றிக்கொண்டு, தோளைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நிறுத்த மனசு வரவில்லை.

குருபரப்பள்ளி நிறுத்தத்தில் லில்லி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பஸ்ஸில் ஏறினேன். எப்போது இறங்குவேன் என்று கண் மின்ன என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் விசில் ஊதினான். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. கடைசி சீட்டில் உட்கார்ந்தவன் பார்த்திருப்பான். நான் வேண்டுமென்றேதான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

8

எட்டு மாசம் அவள் எழுதவில்லை. பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் தமிழில். ஆங்கிலம் கழன்றுகொண்டிருக்கிறது போலும். அத்தை இப்போது அவளைக் கேட்காமல் இலை போடுவதில்லையாம். முனியப்பாவிடம் தெலுங்கு பழகிவிட்டாளாம். அக்கா ஒரு தரம் மாமாவைக் கொண்டு எழுதியிருந்தாள்: "ஊர்ப் பிள்ளைகள் ரயில்பூச்சி, குச்சிப்பூச்சி, நத்தை என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொல்லையில் பானை பானையாக வைத்திருக்கிறாள். கூடத்துப் பக்கம் ஒன்றையும் கொண்டுபோவதில்லை."

லில்லியின் கடிதங்கள் எதிலும் எனக்கென்று ஒரு கேள்வி கிடையாது. சாப்பிட்டீர்களா என்றுகூட இல்லை.

இப்போது எனக்கு டெப்போ ஆபீஸில் பகல் வேலை. கீழ்வீட்டு அம்மாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். தொப்பி அம்மாளும் சரியென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆகையால் இரண்டு மாசத்துக்கு முன்னால் லில்லிக்கு எழுதினேன். உனக்கு இஷ்டம் இருந்தால் வந்து கூட்டிப்போகிறேன், இஷ்டம் இல்லாவிட்டால் அங்கேயே இரு, நீ சொல்வதுதான் என்று. ஒரு வரிகூட வேடிக்கையாக எழுதவில்லை. ஐந்து தரம் கிழித்துப்போட்டு ஆறாவதை அனுப்பினேன்.

பழுப்பு உறை வந்த மறுநாள் அவள் பதில் வந்தது. வெள்ளை உறை. மூன்று வரி.

"அப்பா, கடிதம் கிடைத்தது. இது விளையாட்டா, நிஜமா? அத்தையைக் கேட்டேன், அத்தைக்கும் தெரியவில்லையாம்."

பதினோராம் கேள்விக்கு இன்னும் நான் கோடு போடவில்லை. அது அவள் போட வேண்டிய கோடு. ஆனால் அவள் பதில் சொல்வதற்கு முதலில் கேள்வியை நம்ப வேண்டும். இன்னொரு கடிதம் எழுதினால் அதுவும் என் கையெழுத்தில்தான் இருக்கும்.

நம் பத்திரிகை அக்கா வீட்டுக்கும் போகிறது. மாமா எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவார். அச்சில் வந்தால் எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். அதனால்தான் ஆசிரியர் கேட்ட வேடிக்கைக் கட்டுரையை விட்டுவிட்டு இதை அனுப்புகிறேன்.

மாதா பண்டிகைக்கு மறுநாள், ஓசூரிலிருந்து வருகிற பகல் பஸ்ஸில் நான் குருபரப்பள்ளியில் இறங்குவேன். அவள் வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு வருவேன். மாட்டேன் என்றால் படிவத்தில் அதையே எழுதிவிட்டு, அவள் என்னைப் போகச் சொல்கிறவரை இருந்துவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்புவேன். உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் அவளிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.